பள்ளி வாசலிலிருந்து கல்லூரி வாசலுக்கு: சிங்கப்பூர்ப் பிள்ளைகள் கடந்த தூரம்



பரிசளிப்பு விழா மலர் கைக்கு வந்ததும் யார் யாருக்கு என்ன பரிசு, நம்ம வீட்டுப் பிள்ளையின் படம் எந்தப் பக்கத்தில் என்றுதான் முதலில் தேடுவீர்கள். தாராளமாகத் தேடுங்கள். தேடி முடித்த பிறகு ஒரு கால் மணி நேரம் இந்தப் பக்கங்களுக்கும் ஒதுக்குங்கள். இது வரலாற்றுக் கட்டுரை. ஆனால் இதில் சோழனும் இல்லை, பாண்டியனும் இல்லை. கண் தெரியாத, காது கேளாத, நடக்க முடியாத பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து கல்லூரிக்குப் போன கதை இது. நடந்த இடம் நமக்குப் பக்கத்திலே, பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற சிங்கப்பூர்.

ஏன் சிங்கப்பூர் என்று கேட்பீர்கள். நம் ஜொகூர்த் தோட்டங்களில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிற ஆள் இல்லாத குடும்பம் குறைவு. தீபாவளிக்கு முன்னால் சிராங்கூன் சாலை விளக்குகளைப் பார்த்துவிட்டு வந்து, "அங்கே எல்லாம் நினைத்த மாத்திரத்தில் நடக்குது சார்" என்று சொல்லாதவர்களும் குறைவு. நினைத்த மாத்திரத்தில் நடந்ததா? இரண்டு ஆண்டுகளை மட்டும் மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பார்வையற்ற பிள்ளைகளுக்கான பள்ளி சிங்கப்பூரில் தொடங்கியது 1956. உடற்குறையுள்ள மாணவர்களுக்கு உதவுவதற்கென்றே அங்குள்ள பலதுறைத் தொழிற்கல்லூரிகள் ஒவ்வொன்றிலும் தனி அலுவலகம் வந்தது 2014. இடையில் ஐம்பத்தெட்டு ஆண்டுகள்! அந்த ஐம்பத்தெட்டு ஆண்டுகளில் பள்ளி முடித்த பிள்ளைகள் எங்கே போனார்கள் என்பதுதான் என் கேள்வி.

முதலில் பள்ளிக்கூடங்கள் எப்படி வந்தன என்று பார்ப்போம். போருக்கு முன்னால் மலாயாவில் பார்வையற்ற குழந்தைகளுக்கு இருந்த பெரிய புகலிடம் 1926-இல் மலாக்காவில் தொடங்கிப் பிறகு பினாங்குக்கு மாறிய செயின்ட் நிக்கலஸ் இல்லம். சிங்கப்பூர்ப் பிள்ளையும் படிக்க வேண்டுமானால் வீட்டைவிட்டு அவ்வளவு தூரம் போகத்தான் வேண்டும். போருக்குப் பிறகு நம் ஜொகூர் பாருவிலேயே இளவரசி எலிசபெத் பள்ளி வந்தது. சிங்கப்பூரில் பார்வையற்றோர் சங்கம் 1951-இல் அமைந்து, 1956-இல் தோ பாயோவில் பள்ளியைத் திறந்தது.

காது கேளாதோர் கதை இன்னும் சுவையானது. ஷாங்ஹாயிலிருந்து வந்த பெங் சூ யிங் என்பவர் சிறு வயதிலேயே செவிப்புலனை இழந்தவர். சிங்கப்பூரில் தம்மைப்போன்ற பிள்ளைகளுக்குப் பள்ளியே இல்லை என்று கண்டு, தாமே கற்றுக்கொடுக்கிறேன் என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். வீட்டில் தொடங்கிய அந்தப் பாடம் 1954-இல் பள்ளிக்கூடமாயிற்று. அவர் துணைவியாரும் காது கேளாதவரே. இருவரும் சேர்ந்து நடத்தினார்கள். 1963-இல் வேறொரு பள்ளியோடு இணைந்து மவுண்ட்பேட்டன் சாலையில் சிங்கப்பூர்ச் செவித்திறன் குறைந்தோர் பள்ளி ஆனது. இன்னொரு செய்தி கேளுங்கள்: இந்த மனிதர் கார்ப் பந்தய வீரரும்கூட! சிங்கப்பூரிலும் மக்காவிலும் பந்தயம் ஓட்டியிருக்கிறார். காது கேளாதவர் கார் ஓட்டலாமா என்று கேட்கிறவர்கள் இன்றைக்கும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர் 2018-இல் காலமானார்.

1956-இல் கனோசியன் கன்னியர் காது கேளாத பிள்ளைகளுக்கு இன்னொரு பள்ளி தொடங்கினார்கள். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்கான சங்கம் 1957-இல், அறிவுவளர்ச்சி குறைந்தோருக்கான சங்கம் 1962-இல், கைகால் செயலிழந்தோருக்கான சங்கம் 1964-இல். வரிசையைக் கவனித்தீர்களா? ஒன்றுகூட அரசாங்கம் தொடங்கியதில்லை. சங்கங்களும், சமய சபைகளும், ஒரு சில தனிமனிதர்களும் தொடங்கியவை. கல்வி அமைச்சின் பணம் பின்னால் வந்தது. நடத்துகிற பொறுப்பு வெகுகாலம் சங்கங்களின் தலையிலேயே இருந்தது. கல்லூரி வாசல் தாமதமாகத் திறந்ததற்கு இது முக்கியக் காரணம் என்பது என் எண்ணம். தர்மமாகப் பார்க்கப்பட்ட கல்விக்குத் தொடக்கப்பள்ளி போதும் என்று தோன்றிவிடும். உரிமையாகப் பார்த்தால்தான் "அடுத்தது என்ன?" என்ற கேள்வியே வரும்.

அந்தச் சங்கங்களின் பழைய பெயர்களைப் பார்த்தாலும் இது விளங்கும். செவிடர் ஊமையர் சங்கம் என்ற பெயரில்தான் 1955-இல் ஒன்று பிறந்தது. புத்தி மந்தக் குழந்தைகள் சங்கம் என்ற பொருளில்தான் 1962-இல் மற்றொன்று. பிள்ளைக்கு அப்படிப் பெயர் வைத்துவிட்டு அது பல்கலைக்கழகம் போகும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்? பின்னாளில் பெயர்கள் ஒவ்வொன்றாக மாறின. தமிழிலும் அப்படித்தான். குருடு, செவிடு, நொண்டி என்றோம், பிறகு ஊனமுற்றோர் என்றோம், இப்போது மாற்றுத்திறனாளி என்கிறோம், சிங்கப்பூர்த் தமிழ் ஏடுகள் உடற்குறையுள்ளோர் என்று எழுதுகின்றன. தோட்டத்து லயத்தில் மட்டும் பழைய சொல்தான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

1950களின் இறுதியில் சிங்கப்பூரை இளம்பிள்ளைவாதம் தாக்கியது. 1958-இல் அந்நோய் பரவிக்கொண்டிருந்தபோதே, டாக்டர் சேபின் கண்டுபிடித்த வாய்வழித் தடுப்புமருந்தை ஏறத்தாழ இரண்டு லட்சம் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். உலக மருத்துவ வரலாற்றில் இடம்பெற்ற நிகழ்ச்சி இது. மருந்து எத்தனையோ பிள்ளைகளைக் காப்பாற்றியது. அதற்கு முன்பே நோய் கண்டு கால் சூம்பிப்போன பிள்ளைகள்? அவர்களுக்கு அறிவில் ஒரு குறையும் கிடையாது. சாதாரணப் பள்ளியில் சேர்ந்தார்கள். மாடி வகுப்புக்குத் தகப்பனார் தூக்கிக்கொண்டு போவார், அண்ணன் தூக்கிக்கொண்டு போவான், நல்ல நண்பன் வாய்த்தால் அவன் தூக்குவான். இப்படித்தான் அந்தத் தலைமுறையில் பலர் படித்தார்கள். பதினெட்டு வயது ஆளை எத்தனை நாளைக்கு ஒருவர் தூக்கிக்கொண்டிருக்க முடியும்? கல்லூரிக் கட்டடமோ பள்ளிக்கூடத்தைப் போல் மூன்று மடங்கு. ஒரு பாடம் இந்த மூலையில், அடுத்த பாடம் அந்த மூலையில்.

சிறப்புப் பள்ளியிலிருந்து வெளியே வந்தவர்களுக்குச் சங்கங்கள் தொழில் பழக்கின. கூடை முடைதல், நாற்காலிக்குப் பிரம்பு பின்னுதல், தொலைபேசி இணைப்பகத்தில் உட்காருதல் இவைதான் உலகமெங்கும் அன்று பார்வையற்றோருக்கு என்று ஒதுக்கப்பட்ட வேலைகள். கௌரவமான தொழில்கள்தாம், குறை சொல்லவில்லை. ஆனால் கணக்கில் நூறு வாங்குகிற பிள்ளைக்கும் அதே கூடைதானா?

மேலே படிக்க விரும்பியவர்கள் கடல் தாண்டினார்கள். தெரசா சான் என்ற அம்மையாரின் கதையைச் சிலர் திரைப்படத்தில் பார்த்திருப்பீர்கள். 2005-இல் எரிக் கூ எடுத்த 'பீ வித் மீ' படத்தில் அவரே தோன்றுகிறார். சிறுமியாக இருக்கும்போதே காதும் போய், கண்ணும் போனவர். தோ பாயோ பள்ளியில் படித்தார். 1960-இல் அமெரிக்காவின் பெர்க்கின்ஸ் பள்ளிக்குப் போனார். ஹெலன் கெல்லர் படித்த அதே பள்ளி. பல ஆண்டுகளுக்குப் பின் திரும்பிவந்து தாம் படித்த தோ பாயோ பள்ளியிலேயே ஆசிரியரானார். 2016-இல் மறைந்தார். காது கேளாதவர்களுக்கோ வாஷிங்டனில் உள்ள காலடெட் பல்கலைக்கழகம். ஆபிரகாம் லிங்கன் கையொப்பத்தோடு 1864-இல் பட்டம் வழங்கும் உரிமை பெற்றது அது. அங்கே படித்துத் திரும்பிய காது கேளாத சிங்கப்பூரர் வழியாகத்தான் அமெரிக்கச் சைகைமொழியே சிங்கப்பூர் வகுப்பறைகளுக்குள் நுழைந்தது. உள்ளூர்க் கல்லூரியில் இடம் இல்லாததால் ஒருவர் வெளியூர் போய், அங்கிருந்து கொண்டுவந்தது உள்ளூர்ப் பள்ளியை மாற்றுகிறது. வரலாறு சில சமயம் இப்படிச் சுற்றிக்கொண்டுதான் வருகிறது.

இங்கே ஒரு பெயரை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்: ரான் சந்திரன் டட்லி. இளமையில் பார்வை இழந்தவர். லண்டன் பொருளியல் கல்லூரியில் படித்துவிட்டுச் சிங்கப்பூர் திரும்பினார். 1980-இல் கனடாவின் வின்னிபெக் நகரத்தில் உலக மறுவாழ்வு மாநாடு ஒன்று நடந்தது. உடற்குறையுள்ளவர்களுக்காக மருத்துவர்களும் சமூக அதிகாரிகளும் கூடிப் பேசும் மாநாடு. "எங்களைப் பற்றிப் பேசும் சபையில் பாதி இடம் எங்களுக்கு வேண்டும்" என்று உடற்குறையுள்ள பேராளர்கள் கேட்டார்கள். கோரிக்கை தோற்றது. அவர்கள் அங்கேயே தனியாகக் கூடித் தங்களுக்கென்று ஓர் உலக அமைப்பு காண முடிவெடுத்தார்கள். ஐக்கிய நாட்டு நிறுவனம் உடற்குறையுள்ளோர் ஆண்டாக அறிவித்த 1981-இன் கடைசியில் அந்த அமைப்பின் முதல் உலக மாநாடு எங்கே கூடியது தெரியுமா? சிங்கப்பூரில்! ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்திருந்தார்கள். முதல் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் நம் சந்திரன் டட்லி. பெரிய செய்தி இது. ஆனால் நம் பாடநூல் எதிலும் நான் பார்த்ததில்லை. 1986-இல் சிங்கப்பூர் உடற்குறையுள்ளோர் சங்கம் அமைந்ததிலும் அவர் முன்னின்றார். 2015 டிசம்பரில் தம் எண்பத்தொன்றாம் வயதில் காலமானார்.

அதே காலத்தில் அமெரிக்காவில் நடந்ததையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எட் ராபர்ட்ஸ் என்ற இளைஞருக்குப் பதினான்கு வயதில் இளம்பிள்ளைவாதம். கழுத்துக்குக் கீழே பெரும்பாலும் அசைவில்லை. இரவில் மூச்சுவிடவே இரும்பு உருளை போன்ற ஒரு கருவிக்குள் படுக்க வேண்டும். உயர்நிலைப்பள்ளியை முடித்தபோது, உடற்பயிற்சிப் பாடமும் கார் ஓட்டும் பாடமும் எடுக்கவில்லை என்று சொல்லிச் சான்றிதழ் தர மறுத்தார்கள்! அவர் தாயார் போராடித்தான் வாங்கினார். 1962-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். விடுதி அறைக்குள் அந்தக் கருவி நுழையாது என்பதால் வளாக மருத்துவமனையிலேயே தங்கிப் படித்தார். பிறகு அவரைப் போன்றவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். 1970-இல் அந்த மாணவர்களே தங்களுக்கான உதவி அலுவலகத்தைப் பல்கலைக்கழகத்தில் தொடங்கினார்கள். சிங்கப்பூர்த் தொழிற்கல்லூரிகள் 2014-இல் கண்ட அலுவலகத்துக்கு நாற்பத்து நான்கு வயது மூத்த அக்காள் என்று அதைச் சொல்லலாம். வேலைக்கு லாயக்கில்லாதவர் என்று ராபர்ட்ஸை ஒருகாலத்தில் தீர்ப்பளித்த கலிபோர்னியா மறுவாழ்வுத் துறைக்கே 1975-இல் அவர் இயக்குநராக வந்து உட்கார்ந்தார்.

சரி, சிங்கப்பூருக்குத் திரும்புவோம். 1988-இல் டாக்டர் டோனி டானின் தலைமையில் உடற்குறையுள்ளோர்பற்றிய ஆலோசனைக் குழு அறிக்கை கொடுத்தது. 1990-இல் புதிய கட்டடங்கள் தடையின்றி நுழையத்தக்கவையாக இருக்க வேண்டும் என்ற விதித்தொகுப்பு வந்தது. ஆனால் அதற்கு மூன்றே ஆண்டு முன்னால், 1987-இல், கோடிக்கணக்கில் செலவழித்துத் திறந்த பெருவிரைவு ரயிலைச் சக்கர நாற்காலிக்காரர்களை எண்ணிப்பார்க்காமலே கட்டியிருந்தார்கள். ரயில் இருக்கிறது, கல்லூரி இருக்கிறது, நிலையத்துக்குள் இறங்க வழியில்லை. பழைய நிலையங்களுக்கு மின்தூக்கி பொருத்தி முடிக்க 2006 ஆயிற்று. வடகிழக்குப் பாதை அப்படியில்லை, கட்டும்போதே மின்தூக்கியோடு கட்டினார்கள். நீங்கள் தேக்கா சந்தைக்குப் போக இறங்குகிறீர்களே, அந்த லிட்டில் இந்தியா நிலையம் அந்தப் பாதையில் 2003 ஜூன் 20-ஆம் தேதி திறந்தது.

லிட்டில் இந்தியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். மளிகைக் கடைக்கும் பூக்கடைக்கும் முன்னால் போகிற அஞ்சடிப் பாதையில் நடந்திருப்பீர்கள். வீட்டுக்கு வீடு தளத்தின் உயரம் மாறும். இங்கே ஒரு படி ஏறி, அங்கே இரண்டு படி இறங்கி, நடுவில் வெங்காய மூட்டையைச் சுற்றிக்கொண்டு போவோம். நமக்கு அது வேடிக்கை. சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு ஒவ்வொரு கடையும் ஒரு சுவர். வெள்ளைக் கோல் பிடித்து வருகிறவருக்கு ஒவ்வொரு மூட்டையும் ஒரு சுவர். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் மெக்நெலி தெருவில் லசால் கலைக் கல்லூரி இருக்கிறது, 2007-இல் கட்டிய வளாகம். சற்றுத் தள்ளி பிராஸ் பாசாவில் நிர்வாகப் பல்கலைக்கழகம். நகரத்தின் நடுவிலேயே கல்லூரிகள் வந்துவிட்டன. ஆனால் கல்லூரிக்குச் சேர்க்கைக் கடிதம் அனுப்பத் தெரியுமே தவிர, மாணவனை வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வரத் தெரியாது. சக்கர நாற்காலி ஏறும் பேருந்துகள் 2006-இல்தான் ஓடத் தொடங்கின. எல்லாப் பேருந்துகளும் அப்படி ஆனது 2020 இறுதியில். அதனால்தான் ரயிலையும் பேருந்தையும் இவ்வளவு நேரம் பேசினேன். கல்வி வரலாற்றில் போக்குவரத்துக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். தோட்டத்திலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் பஸ் இல்லாமல் படிப்பை விட்ட பிள்ளைகளை நாம் அறியாதவர்களா?

பள்ளிகளுக்குள்ளும் மாற்றம் மெதுவாக வந்தது. 1991-இல் ஒரு மகளிர் நலச் சங்கம், சாதாரணப் பள்ளிகளில் படிக்கும் உடற்குறையுள்ள பிள்ளைகளைத் தேடிப்போய் உதவும் திட்டத்தைத் தொடங்கியது. எழுத்தறிவதில் இடர்ப்படும் பிள்ளைகளுக்கான டிஸ்லெக்சியா சங்கமும் அதே ஆண்டுதான். 2004-இல் பிரதமராகப் பொறுப்பேற்ற லீ சியன் லூங் தம் பதவியேற்பு உரையிலேயே உடற்குறையுள்ளோரைக் குறிப்பிட்டார். அடுத்த ஆண்டிலிருந்து சாதாரணப் பள்ளிகளில் இவர்களுக்கென்று பயிற்சி பெற்ற துணை அலுவலர்கள் நியமிக்கப்பட்டனர். 2007-இல் ஐந்தாண்டுப் பெருந்திட்டம். இன்று சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பங்கினர் சாதாரணப் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள்.

ஒரு முரணையும் சொல்ல வேண்டும். கட்டாயக் கல்விச் சட்டத்தை 2000-இல் இயற்றி 2003-இல் நடைமுறைப்படுத்தினார்களே, அதில் சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்கு விலக்கு இருந்தது! அதாவது மற்றப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாவிட்டால் குற்றம், இந்தப் பிள்ளையை அனுப்பாவிட்டால் கேட்பாரில்லை. நல்லெண்ணத்தில் செய்த விலக்காகவே இருக்கலாம். ஆனால் விலக்கு என்ற சொல்லுக்குள் விலக்கி வைப்பதும் சேர்ந்தே இருக்கிறது. 2019-இல் முதலாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளிலிருந்துதான் அவர்களும் சட்டத்துக்குள் வந்தார்கள்.

இனி 2014-க்கு வருவோம். அதற்கு முந்திய ஆண்டு, 2013 ஜூலையில், உடற்குறையுள்ளோர் உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையைச் சிங்கப்பூர் உறுதிப்படுத்தியது. உயர்கல்வியும் உரிமை என்று அதன் 24-ஆம் விதி சொல்கிறது. 2014-இல் பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலும் சிறப்புக் கல்வித் தேவைக்கான உதவி அலுவலகங்களும், கருவிகள் வாங்க ஒரு நிதியும் வந்தன. பல்கலைக்கழகங்களிலும் அதையொட்டி அலுவலகங்கள் அமைந்தன.

அங்கே என்ன செய்கிறார்கள்? விரிவுரை மண்டபத்தில் நூறு இருநூறு பேர் இருப்பார்கள். விரிவுரையாளர் பலகையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு பேசினால், உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் மாணவிக்கு அந்த நிமிடமே பாடம் அறுந்துபோகும். அவளுக்குக் குறிப்பெடுத்துத் தர ஒருவர், சைகைமொழியில் பெயர்த்துச் சொல்ல ஒருவர், அல்லது பேசுகிறவர் சட்டையில் மாட்டும் சிறு ஒலிவாங்கி. பார்வையற்ற மாணவனுக்குப் பாடக்குறிப்பை முன்கூட்டியே கணினிக் கோப்பாகக் கொடுக்க வேண்டும், திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருள் அதை வாசிக்கும். தேர்வில் கூடுதல் நேரம், பெரிய எழுத்து வினாத்தாள், தனி அறை. கேட்கச் சின்ன விஷயங்கள்போல் இருக்கின்றன. இவற்றில் ஒன்று இல்லாமல் முதல் பருவத்திலேயே படிப்பை விட்டவன் முட்டாள் என்று பெயர் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவான்.

பெற்றோர்களே, இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான இடம் இதுதான். பள்ளிக்கூடத்தில் உதவி பிள்ளையைத் தேடி வருகிறது. ஏழு வயதிலிருந்து பார்க்கிற ஆசிரியருக்கு அவனுக்கு எந்தக் காது கேட்கும் என்று தெரியும், எந்த வரிசையில் உட்கார வைப்பது என்று தெரியும். என் வகுப்பிலும் அப்படி ஒரு பையன் இருந்தான். இடது காது மந்தம். நான் எப்போதும் அவன் வலப்பக்கம் நின்று பேசுவேன், அதை அவனே கவனித்திருக்க மாட்டான். கல்லூரியில் அப்படியில்லை. அங்கே மாணவன்தான் உதவியைத் தேடிப் போக வேண்டும். "எனக்கு இது இயலாது, இது வேண்டும்" என்று தன் வாயால் அலுவலகத்தில் சொல்ல வேண்டும், மருத்துவச் சான்று காட்ட வேண்டும். சொல்லாவிட்டால் அவர்களுக்குத் தெரியாது. சொல்லுமாறு யாரும் கட்டாயப்படுத்துவதும் இல்லை.

பத்தாண்டுகள் மறைத்துப் பழகிய பிள்ளை பதினேழாம் வயதில் திடீரென்று எப்படிச் சொல்லும்? நம் வீடுகளில் முதல் பாடமே மறைப்பதுதான். "வெளியே சொல்லாதே, தங்கச்சிக்கு மாப்பிள்ளை வராது" என்கிறோம். கேட்கும் கருவியைக் கூந்தலுக்குள் மறைக்கச் சொல்லித் தருகிறோம். வாசிக்கத் திணறுகிற பையனை மருத்துவரிடம் காட்டாமல் சோம்பேறி என்று அடிக்கிறோம். சிங்கப்பூரில் இவ்வளவு ஏற்பாட்டுக்குப் பிறகும் சொல்லத் தயங்கும் மாணவர்கள் இருக்கிறார்கள் என்றால், குற்றம் அலுவலகத்தில் இல்லை. ஆசிரியர்களாகிய நாமும் இதில் பங்காளிகள்தாம். எல்லாவற்றையும் நாமே செய்து கொடுத்து, அந்தப் பிள்ளைக்குக் கேட்கத் தெரியாமல் வளர்த்து அனுப்புகிறோம். ஆறாம் ஆண்டிலேயே, "சார், நீங்கள் திரும்பி நின்று பேசினால் எனக்குக் கேட்காது" என்று சொல்லப் பழகிய பிள்ளைக்குத்தான் கல்லூரி வாசல் பாதி திறந்த மாதிரி.

தமிழ் ஆசிரியன் என்ற முறையில் இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. சிங்கப்பூரில் தக்க காரணம் இருந்தால் சிறப்புத் தேவையுள்ள மாணவருக்குத் தாய்மொழிப் பாடத்திலிருந்து விலக்குக் கிடைக்கும். காது கேளாத பிள்ளைக்கும் எழுத்தில் இடர்ப்படும் பிள்ளைக்கும் அது பெரிய நிவாரணம், மறுக்க மாட்டேன். இரண்டு மொழிச் சுமையில் ஒன்றை இறக்கிவைத்ததால்தான் மேலே ஏறினவர்கள் உண்டு. ஆனாலும் மேற்படிப்புக்குப் போகும் வழியில் அந்தப் பிள்ளை வீட்டுப் பாட்டியோடு பேசும் மொழியைக் கழற்றி வைத்துவிட்டுப் போகிறது. தமிழுக்கு பிரெய்ல் எழுத்து உண்டு. தமிழை வாசித்துச் சொல்லும் கணினிக் குரலும் உண்டு. பார்வையற்ற இரண்டு ஆஸ்திரேலிய இளைஞர்கள் உருவாக்கி 2006-இலிருந்து வழங்கும் என்விடிஏ என்ற திரைவாசிப்பு மென்பொருளைக் காசு கொடுக்காமலே இறக்கிக்கொள்ளலாம், அது தமிழையும் வாசிக்கும். சென்னையில் பார்வையற்றுப் பிறந்த பெனோ செஃபைன் இத்தகைய மென்பொருளின் துணையோடு ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியிலும் லயோலாவிலும் படித்து, 2015-இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். முழுப் பார்வையின்மையோடு அந்தப் பணிக்கு வந்த முதல் ஆள் அவர்தான்.

பெங் சூ யிங் தொடங்கிய பள்ளி என்ன ஆயிற்று என்று சொல்லாமல் விட்டுவிட்டேனே. சேரும் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்து 2017-இல் அது மூடப்பட்டது. பிறந்தவுடனே காதைச் சோதித்துக் கருவி பொருத்திவிடுவதால் பல பிள்ளைகள் சாதாரணப் பள்ளிக்குப் போகிறார்கள். சைகைமொழி வேண்டுவோருக்கு மேஃபிளவர் தொடக்கப்பள்ளியிலும் பீட்டி உயர்நிலைப்பள்ளியிலும் ஏற்பாடு உண்டு. பள்ளி மூடியதைக் கேட்டு மகிழ்வதா வருந்துவதா? பழைய மாணவர்கள் வருந்தினார்கள். தங்கள் மொழியைப் பேசிச் சிரித்த ஒரே முற்றம் போயிற்றே! எனக்கு இரண்டும் கலந்தே தோன்றுகிறது.

பாலத்துக்கு இந்தப் பக்கம் வருவோம். மலேசியாவில் மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008-இல் வந்தது. எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக்கூடாது என்ற கொள்கையைக் கல்வி அமைச்சு 2019-இல் நடைமுறைப்படுத்தியது. பொதுப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குத் தனி வழி இருக்கிறது. அதற்குச் சமூகநல இலாகா கொடுக்கும் ஓகேயூ அட்டை வேண்டும். அட்டைக்கு அரசாங்க மருத்துவர் நிரப்பிய பாரமும், பிறப்புப் பத்திரமும், படமும் கொண்டுபோக வேண்டும். எஸ்பிஎம் தேர்வு முடிந்த பிறகு ஓடாதீர்கள். பிள்ளை தொடக்கப்பள்ளியில் இருக்கும்போதே எடுத்து வைக்கலாம். பாரத்தை நிரப்பத் தெரியவில்லை என்றால் எந்த நாள் பிற்பகலிலும் பள்ளிக்கு வாருங்கள், வரும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். என்ன முடியும், என்ன முடியாது என்ற கேள்விக்கு அவனே பதில் சொல்லட்டும்.